வராத ஆடி அழைப்பு

என் கொழுந்தனின் மனைவி திருச்சியிலிருந்து கோலாலம்பூரில் எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு வந்த புதிதில், அவளுடைய அம்மாவும் எங்களோடுதான் குடியிருந்தார் என்று சொல்லலாம். சமையலறை மேடையில் ரைஸ் குக்கரின் மேல் கைப்பேசியைச் சாய்த்து வைத்துவிட்டு அவள் வெங்காயம் நறுக்குவாள். அந்தப் பக்கம், திருச்சியில், அவர் வாசல் தெளித்துவிட்டு வந்து பாலை அடுப்பில் வைப்பார். எங்களுக்கு ஒன்பது மணி என்றால் அவர்களுக்கு ஆறரை.

"என்னடி, வெங்காயத்த இவ்ளோ பெருசா வெட்டற?"

"இங்க வெங்காயமே பெருசும்மா."

"பெருசா இருந்தா சின்னதா வெட்டக் கூடாதா?"

குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சியபடி நான் கேட்டுக்கொண்டிருப்பேன். என் மகளுக்கு அப்போது பத்து மாதம். அவளைப் பார்த்துக்கொள்ள வேலையிலிருந்து நீண்ட விடுப்பு எடுத்திருந்தேன். என் கணவரும் அவர் தம்பியும் காலையிலேயே கிளம்பிவிடுவார்கள். பகல் முழுவதும் வீட்டில் நாங்கள் மூவரும், அந்தக் கைப்பேசியும்தான்.

வந்த மறுநாள் காலையில் என் கணவர் அவளிடம், "பசியாறியாச்சாம்மா?" என்று கேட்டார். எங்கள் ஊரில் காலைச் சாப்பாட்டை விசாரிக்கிற விதம் அதுதான். அவள் தலையாட்டிவிட்டு உள்ளே வந்து அம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "சாப்டியான்னு கேக்க மாட்டாங்கம்மா இங்க. பசியாறிட்டியான்னு கேக்கறாங்க. நாலு நாள் பட்டினி கெடந்த மாதிரி." இருவரும் சிரித்தார்கள். நானும் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தேன்.

பிறகு அவள் சிரிப்பது குறைந்தது. சாப்பிடுவதும் குறைந்தது.

நான் செய்த முதல் முயற்சி, அவளைக் கீழே கடைத்தெருவுக்கு அழைத்துப் போனது. எங்கள் கட்டடத்திலிருந்து பத்து நிமிட நடை. சேலைக் கடை, வாழையிலைச் சாப்பாட்டுக் கடை, முறுக்குக் கடை, சாமிப் பாட்டு எல்லாம் அங்கே உண்டு. ஊரிலிருந்து வந்தவளுக்கு ஊரைக் காட்டினால் தெளிவாள் என்று கணக்குப் போட்டேன். அவள் ஒவ்வொரு கடை வாசலிலும் ஒரு கணம் நின்று, நின்ற இடத்திலேயே முகம் சுருங்கி, அடுத்த கடைக்கு நடந்தாள். பூக்கடைக்கார அண்ணன் ஒரு முழம் மல்லிகை அளந்து கொடுத்தார். அவள் அதை முகர்ந்தாள்.

"ஐஸ் வாசனை அடிக்குது."

"ப்ளேன்ல வர பூம்மா. பெட்டியில ஐஸ் போட்டுத்தான் வரும்," என்றார் அவர். "உங்க ஊரு பூதான் லா."

"என்னவிட இதுக்குச் சீக்கிரம் பெர்மிட் கிடைச்சிருக்கு," என்றாள் அவள். அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். அவளும் சிரித்தாள். வீட்டுக்கு வரும் வழியில் அந்தப் பூவைத் தலையில் வைக்காமல் கையில் சுருட்டியே வைத்திருந்தாள். மின்தூக்கியில் ஏறியதும் அழத் தொடங்கினாள். எல்லாமே ஊர் மாதிரி இருந்து, எதுவுமே ஊராக இல்லாமல் இருப்பதைத்தான் நான் அவளுக்குக் காட்டியிருக்கிறேன் என்று அப்போது தோன்றியது. அதை யாரிடமும் சொல்லவில்லை. அடுத்து என்ன செய்யலாம் என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன். அது என் சுபாவம்.

குழந்தை குடித்த பால், தூங்கிய நேரம் எல்லாவற்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பேன். டாக்டர் கேட்டால் உளறக் கூடாது என்ற பயம். அந்த நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து அவளைப் பற்றியும் எழுத ஆரம்பித்தேன். 'காலை ஒரு இட்லி. மதியம் இல்லை. இரண்டு முறை அழுதாள்.' எழுதுவது தவறோ என்று தோன்றும். எழுதாமல் விட்டு அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்றும் தோன்றும்.

ஒரு நாள் காலையில் என் கொழுந்தன் காலணியை மாட்டிக்கொண்டே, உள்ளே கேட்காத குரலில் பேசினான். ஏர்கோன், அதாவது ஏசி, பழுது பார்க்கும் வேலை அவனுக்கு. எப்போதும் வேடிக்கையாகப் பேசுகிறவன்.

"அண்ணி, ஊருக்கு அனுப்பி வைங்கன்னு கேக்குறா."

"இங்க தங்குறதுக்கான பாஸ் இன்னும் வரலையே."

"அதான். வரதுக்குள்ள போனா மறுபடியும் மொதல்லேர்ந்து எழுதிப் போடணும். அது கூடப் பரவால்ல." அவன் காலணிக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினான். "இப்ப இருக்குற மாதிரியே போனா, திரும்பி வருவாளான்னு எனக்குத் தெரியல அண்ணி. நீங்க பகல் பூரா கூட இருக்கீங்க. ஏதாச்சும் செய்யுங்க லா."

ஏதாவது செய்யச் சொல்லிவிட்டால் என்னால் சும்மா இருக்க முடியாது. எனக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான் இருந்தது; அது முன்பு எனக்கே கொடுக்கப்பட்டது.

நான் பிறந்து வளர்ந்தது கிள்ளானுக்குப் பக்கத்தில், பண்டமாரானில். கல்யாணமாகிப் பிரிக்பீல்ட்ஸ் வந்தது நான்கு வருடங்களுக்கு முன்பு. கொமுட்டர் ரயிலில் ஒரு மணி நேரத் தூரம். அதற்கெல்லாம் ஊர் ஏக்கம் என்று பெயர் வைத்தால் ஆட்கள் சிரிப்பார்கள், சிரித்தார்கள். ஆனால் எங்கள் பதினோராவது மாடிப் பால்கனியிலிருந்து தண்டவாளம் தெரியும். கிள்ளான் பக்கம் போகிற ரயிலை நான் சத்தத்தை வைத்தே அடையாளம் கண்டுகொள்வேன். முதல் மாதம் வாரத்துக்கு மூன்று முறை அம்மா வீட்டுக்குப் போனேன். அம்மா ஒரு நாள் வாசற்கதவைப் பாதி திறந்தபடி நின்று சொன்னார்: "இனிமே மூணு மாசத்துக்கு வராத. போனும் அடிக்காத. அப்பதான் உனக்கு அந்த வீடு வீடாகும்." நான் திரும்பிப் போனேன். மூன்று மாதம் போகவில்லை. பிறகு எனக்குச் சரியாகிவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படியே நம்பியிருந்தேன்.

ஆகவே ஒரு புதன்கிழமை, அவள் குளிக்கப் போயிருந்தபோது, அவளுடைய அம்மாவின் எண்ணை அழைத்தேன். என்ன பேச வேண்டும் என்று முன்பே ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். நாள் முழுதும் பேசுவதால் அவள் மனசு அங்கேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேசினால் நல்லது. அவளாகக் கூப்பிட்டாலும் ஏதாவது வேலை என்று சொல்லிவிடுங்கள். பண்டிகை, விசேஷம் பற்றிய பேச்சு வேண்டாம்.

அவர் குறுக்கே பேசவில்லை. நான் முடித்ததும் அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது; அவர் அடுப்பை அணைத்தார்.

"நீங்க படிச்சவங்க. கூடவே இருக்கீங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்மா," என்றார். "அவ நல்லா இருந்தா போதும். ராத்திரி தலைக்கு எண்ணெய் வச்சுக்கறாளா?"

"வச்சுக்குறாம்மா," என்றேன். எனக்குத் தெரியாது. அதை நான் பார்த்ததே இல்லை.

முதல் சில நாட்கள் அவள் அழைத்துக்கொண்டேயிருந்தாள். "வேலையா இருக்கேன்டி, ஞாயித்துக்கிழமை பேசறேன்" என்ற பதிலை நான் அடுப்படியிலிருந்தே கேட்டேன். பிறகு அவள் அழைப்பதை நிறுத்தினாள். ரைஸ் குக்கரின் மேல் கைப்பேசி சாய்வதும் நின்றது. ஆச்சரியமாக, சாப்பிட ஆரம்பித்தாள். நோட்டில் எழுதினேன்: 'மூன்று தோசை. இன்று அழவில்லை.' மறுநாள்: 'அழவில்லை.' தனியாகப் பாசாருக்குப் போய் மீன் வாங்கி வந்தாள். குழந்தையைக் குளிப்பாட்டினாள். கொழுந்தன் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினான். நான் சரியாகத்தான் செய்திருக்கிறேன் என்று எண்ணினேன்.

ஆனால் வீடு அமைதியாகிவிட்டது. வெங்காயத்தை எவ்வளவு பெரிதாக வெட்டினாலும் கேட்க ஆளில்லை.

ஆடி முதல் நாள் வியாழக்கிழமை வந்தது. எங்கள் வீட்டில் ஆடி என்றால் கோவில் கூழும் வெள்ளிக்கிழமைக் கூட்டமும்தான். கல்யாணமான முதல் ஆடிக்குப் பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைக்கிற வழக்கம் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேனே தவிர, எனக்கு யாரும் செய்ததில்லை. அன்று அவள் விடியலிலேயே தலைக்குக் குளித்து, கல்யாணத்துக்கு எடுத்த பச்சைப் புடவையைக் கட்டியிருந்தாள். கைப்பேசியை முழுதாகச் சார்ஜ் ஏற்றி, ரைஸ் குக்கரின் மேல் மறுபடியும் சாய்த்து வைத்தாள்.

"இன்னைக்கு அம்மா கூப்பிடுவாங்க அக்கா."

"ஏம்மா?"

"ஆடிக்கு அழைப்பாங்கல்ல. பாஸ் இல்லாம போக முடியாதுன்னு அவங்களுக்கும் தெரியும். ஆனா வாயால அழைக்கணும். அது முறை."

"நீயே கூப்புட்டுப் பேசேன்."

அவள் என்னை வினோதமாகப் பார்த்தாள். "என்னை அழைங்கன்னு நானே போய்க் கேப்பேனா?"

ஒன்பது ஆனது. பத்து ஆனது. அவள் ரசம் வைத்தாள், துணி மடித்தாள், மேடையைத் துடைத்தாள். துடைக்கும்போது கைப்பேசியை எடுத்து, அதன் கீழே துடைத்து, அதே இடத்தில் வைத்தாள். பண்டிகைப் பேச்சு வேண்டாம் என்று நான் சொன்னது எனக்கு நினைவிருந்தது. குளியலறைக்குள் போய் ஒரு செய்தி அனுப்பினால் போதும். திருச்சியில் அந்த அம்மா நிச்சயம் கைப்பேசியைக் கையிலேயே வைத்திருப்பார். ஆனால் இப்போது விட்டால் இத்தனை நாள் முன்னேற்றமும் போய்விடும் என்று பயந்தேன். ஞாயிறன்று சேர்த்துப் பேசிக்கொள்வார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சாயங்காலம் அவள் புடவையை மாற்றிக்கொண்டு வந்தாள். "வீட்டுல வேலை இருந்திருக்கும்," என்றாள், நான் எதுவும் கேட்காமலே.

ஞாயிற்றுக்கிழமை அவர் பேசினார். வெயில், மாவு மில், பக்கத்து வீட்டுப் பூனை எல்லாம் பேசினார். ஆடி என்ற சொல்லே வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. நான் சொன்னதை அவர் எழுத்துப் பிசகாமல் காப்பாற்றினார். அவளும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிள்ளான் ரயில் ஏறினேன். அம்மா ஒரு பள்ளிக் கேன்டீனில் வேலை செய்கிறார்; மதியமே வீட்டுக்கு வந்துவிடுவார். நான் போனபோது சமையலறையில் உட்கார்ந்து நெத்திலியின் தலையைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். நடந்ததையெல்லாம் சொன்னேன். நீங்கள் எனக்குச் செய்ததைத்தான் நான் அவளுக்குச் செய்தேன் என்றேன்.

அம்மா நெத்திலியை விட்டுக் கையைத் துடைத்தார்.

"நான் உனக்குச் செஞ்சது நல்லதுன்னு யாரு சொன்னா?"

"நீங்கதான் சொன்னீங்க. அந்த வீடு வீடாகும்னு."

"எல்லாரும் சொன்னாங்க, நானும் சொன்னேன்." அவர் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "அந்த மூணு மாசத்துல நாலு வாட்டி ரயில் ஏறி கேஎல் சென்ட்ரல் வரைக்கும் வந்தேன். ஒரு வாட்டி டப்பாவுல உனக்குப் புடிச்ச இறால் சம்பல் கூட எடுத்துக்கிட்டு வந்தேன். அங்கேர்ந்து உங்க வீட்டுக்கு மேல ஏறி வந்தா பத்து நிமிசம். அங்கயே ஒரு பெஞ்சுல உக்காந்துட்டுத் திரும்பிட்டேன்."

"ஏம்மா சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ ஓடி வந்திருப்ப." பிறகு கேட்டார்: "உனக்குச் சரியாப் போச்சுதானே?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். நான்கு வருடமாகப் பால்கனியில் துணி காயப் போடும்போதெல்லாம் கிள்ளான் ரயில் கண்ணை விட்டு மறையும்வரை கையில் ஈரத் துணியோடு நிற்கிறேன். அது சரியாகிப்போனவள் செய்கிற காரியமா என்று எனக்குத் தெரியவில்லை. நான் போகாமல் இருக்கப் பழகியிருந்தேன். அவ்வளவுதான் நடந்திருந்தது.

அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து குழந்தையின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே சொன்னேன். புதன்கிழமை அழைத்தது, தாளில் எழுதி வைத்துப் பேசியது, ஞாயிறு மட்டும் என்றது, விசேஷம் பேச வேண்டாம் என்றது. நோட்டையும் எடுத்துக் கொடுத்தேன். மறைத்து வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்பது பாதி மன்னிப்பு என்று பட்டது; அல்லது நான் நல்ல எண்ணத்தில்தான் செய்தேன் என்று அவள் பார்க்க வேண்டும் என்ற ஆசையோ என்னவோ.

அவள் கடைசிப் பக்கத்திலிருந்து படித்தாள். விரலை ஒரு வரியின் மேல் வைத்தாள்.

"இன்று அழவில்லைன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா."

"அழுதேன் அக்கா. குளியலறையில குழாயத் தொறந்து விட்டுட்டு."

அவள் நோட்டை மூடிக் கட்டிலில் வைத்தாள்.

"இருவத்து மூணு நாளு," என்றாள். எண்ணிப் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்திருந்தது. "எங்கம்மாவுக்கு நான் இல்லாமலே பழகிடுச்சு போலன்னு நெனச்சேன். பொண்ண அனுப்பிட்டோம், வேலை முடிஞ்சுதுன்னு. இருவத்து மூணு நாளும் அதையே நெனச்சேன். சாப்பிட்டேன்ல, அது எனக்கு வேற யாரும் இல்ல, இனி இங்கதான்னு நெனச்சுச் சாப்பிட்டேன்."

சட்டைகளை மடித்து முடித்து என்னிடம் கொடுத்தாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவை அழைத்தாள். வார்த்தைகள் கேட்கவில்லை. இரண்டு குரல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் பேசுவது மட்டும் கேட்டது.

மறுநாள் முழுவதும் அவள் என்னிடம் பேசவில்லை. குழந்தையைக் குளிப்பாட்டினாள், ஊட்டினாள், என் தட்டிலும் சோறு போட்டாள். பேச்சு மட்டும் இல்லை. மதியம் கொழுந்தன் என்னிடம் வந்தான். "டிக்கெட் பாக்கச் சொல்றா அண்ணி. பாஸ் வந்தாலும் வராட்டியும்." அவன் முகத்தில் கோபம் இல்லை, இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "பாத்துக் குடு," என்றேன். "அவ கேக்குறத நாம தடுக்கக் கூடாது."

அதற்கடுத்த நாள் ஆடி பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை. நான் எழுந்து வரும்போது அவள் அந்தப் பச்சைப் புடவையில் சமையலறையில் நின்றிருந்தாள். ஒரு தட்டில் மஞ்சள், குங்குமம், வெற்றிலை, புது மஞ்சள் கயிறு. கயிற்றை எப்போது போய் வாங்கினாள் என்று தெரியவில்லை. கைப்பேசி ரைஸ் குக்கரின் மேல் இருந்தது.

ஒன்பது மணிக்கு அது ஒலித்தது.

திரையில் காவிரிப் படித்துறை. ஒரே கூட்டம், ஒரே சத்தம். அந்த அம்மாவின் முகம் ஒரு ஓரத்தில் பாதியாகத் தெரிந்தது. அவர் கையில் ஒரு பை. அதிலிருந்து காய்ந்து பழுப்பேறிய இரண்டு மாலைகளை எடுத்தார். கல்யாண மாலைகள். முதல் ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடுவதற்காக ஆறு மாதமாக வைத்திருந்தவை.

"நீங்க ரெண்டு பேரும் நின்னு விட வேண்டியது," என்றார் அவர். "மாப்பிள்ள எங்கடி? பாக்கச் சொல்லு."

கொழுந்தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து பின்னால் நின்றான். அவள் கைப்பேசியை எடுத்தாள். திரையில் ஆறு மேலும் கீழும் ஆடியது. ஒரு கணம் தயங்கிவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"பிடிச்சுக்கோங்க அக்கா."

இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மாலைகள் தண்ணீரில் விழுந்து, உடனே போகாமல், படியை ஒட்டிச் சற்று நேரம் சுற்றின. "போ, போ," என்று அந்த அம்மா கையால் தண்ணீரைத் தள்ளினார். அவை விலகி நகர்ந்தன. யார் யாருடைய மாலைகளோடோ கலந்த பிறகு எது அவளுடையது என்று தெரியவில்லை. அவள் பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

"இப்ப கயிறு கட்டணும்," என்றார் அந்த அம்மா. "நான் இருந்தா நான் கட்டுவேன். வீட்டுல மூத்த சுமங்கலி யாரு?"

பதில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கைப்பேசியைக் குக்கரின் மேல் வைத்துவிட்டுக் கையைக் கழுவப் போனேன். திரும்பி வந்தபோது அவள் எனக்கு முதுகைக் காட்டி நின்று, பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். கயிறு ஈரமாக இருந்தது. முதல் முடிச்சு நழுவியது. இரண்டாவதையும் அவிழ்த்தேன், கழுத்தை இறுக்குமோ, தளர்ந்து விழுமோ என்று.

"போடும்மா, தப்பா ஒண்ணும் ஆயிடாது," என்றது திரை.

மூன்று முடிச்சு போட்டேன். நான் கையை எடுப்பதற்குள், திரும்பாமலே அவள் சொன்னாள்: "இனிமே எங்கம்மாகிட்ட எதாவது சொல்லணும்னா என்னை வச்சுக்கிட்டுச் சொல்லுங்க அக்கா."

"சரிம்மா."

"இப்பவே சொல்லுங்க."

நான் திரையைப் பார்த்தேன். அந்த அம்மாவின் பின்னால் பெண்கள் தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"தெனமும் கூப்புடுங்கம்மா," என்றேன். "உங்களுக்குத் தோணுறப்பல்லாம் கூப்புடுங்க."

அவர் உடனே சந்தோஷப்படவில்லை. கவனமாக, என்னிடமே கேட்டார்: "எத்தனை மணிக்குக் கூப்பிடட்டும்?"

கொழுந்தன் சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை. குனிந்து புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஒரு தாயை அனுமதி கேட்க வைத்துவிட்டேன் என்பதை நான் அப்போதுதான் முழுதாக உணர்ந்தேன். இன்றும் அந்தக் கேள்வி என் காதில் இருக்கிறது.

டிக்கெட் பேச்சு அந்த வாரம் வரவில்லை. அவளாக எடுக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. புரட்டாசியில் பாஸ் வந்தது. தலை தீபாவளிக்கு அவளும் கொழுந்தனும் திருச்சிக்குப் போனார்கள். அவன் விடுப்பு முடிந்து திரும்பிவிட்டான். அவள் இன்னும் மூன்று வாரம் இருந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருந்தாள். திரும்பும் நாளை நான் கேட்கவில்லை. கேட்காமலிருக்க எனக்கு மிகவும் சிரமமாக இருந்தது. இப்போது வீடு மறுபடியும் அமைதியாக இருக்கிறது. வியாழக்கிழமைகளில் அம்மா கிள்ளானிலிருந்து வருகிறார். கேஎல் சென்ட்ரலில் உட்காராமல், நேராக மேலே ஏறி வருகிறார்.

இன்று காலை ஒன்பது மணிக்குக் கைப்பேசி ஒலித்தது. திருச்சி அம்மா. மகள் பக்கத்திலேயே இருக்கும்போது எனக்கு ஏன் அழைக்கிறார் என்று ஒரு கணம் பயந்துவிட்டேன். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கைப்பேசியை ரைஸ் குக்கரின் மேல் சாய்த்தேன்.

"ஒண்ணுமில்லம்மா. இந்த நேரத்துக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழகிடுச்சு," என்றார். அவருக்குப் பின்னால் அவள் அடுப்பருகே நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். சின்னதாக.

"ஞாயித்துக்கிழமை வரேன்னு அக்காகிட்ட சொல்லும்மா," என்றாள் நிமிராமலே. "பாப்பாவுக்கு அந்தச் சட்டைல்லாம் பத்தாம போயிருக்கும், புதுசு எடுத்திருக்கேன்னு சொல்லு."

"கேட்டுதா?" என்றார் அவர். பிறகு, நன்றாகப் பழகிவிட்ட ஒரு சொல்லைச் சொல்வதுபோல, "பசியாறிட்டியாம்மா?" என்று கேட்டார்.

இன்னும் இல்லை என்றேன். அப்படியானால் எதிரிலேயே சாப்பிடச் சொன்னார். தட்டை எடுத்து வந்து அவர்கள் பார்க்க உட்கார்ந்து சாப்பிட்டேன்.